ஒரிஜினல் என்பது யாருடைய சொல்?

என் தம்பிக்குக் கேடயம் கொடுத்த நாளில் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சென்னையில் நடந்த ஒரு பழைய கார் கண்காட்சி அது. அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு புதுப் பெயின்டில் மின்னிக்கொண்டு வெயிலில் நின்றது. நடுவர் காரைச் சுற்றிவந்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். கடைசியில் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சீட்டையும் ஒரிஜினல் மாதிரியே கொண்டாந்துட்டீங்களே, வெரி குட்" என்றார். தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. "பழசு வீட்டுல தைச்சது சார். அதையெல்லாம் தூக்கிப் போட்டாச்சு" என்றான்.

வீட்டில் தைத்தது. யார் தைத்தது என்று நடுவர் கேட்கவில்லை. தம்பியும் சொல்லவில்லை. தைத்தவர் பத்தடி தள்ளி, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மடியில் தம்பியின் குழந்தையுமாக உட்கார்ந்திருந்தார்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஓடிய கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பொருளைப் பிரித்து, திருத்தி, தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் உரிமை யாருக்கு இருக்கிறது? மாற்றியவர் என்ற பெயர் யாருக்குப் போகிறது? எந்த மாற்றம் சாதனையாகிறது, எந்த மாற்றம் குப்பைக்குப் போகிறது?

கார்களைப் பற்றி எழுத ஒரு தமிழ் ஆசிரியைக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள் என்றால், மூலபாடம் எது, பாடபேதம் எது, இடைச்செருகல் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நான் படித்த படிப்பு. பழைய கார் பிரியர்களும் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார்கள். சுவடிகளுக்குப் பதிலாக அவர்கள் கையில் ஸ்பேனர் இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

*

முதலில் அந்தக் காரைப் பற்றி. பிரிட்டனின் டிரையம்ப் நிறுவனம் 1959இல் கொண்டுவந்தது ஹெரால்டு. உருவத்தை வரைந்தவர் ஜொவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில், சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் தயாரானது. 1962இல் டிரையம்ப் அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, இருவர் மட்டும் உட்காரும் திறந்த உடலை அதன்மேல் பொருத்தி, ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காராக விற்றது. உலகமெங்கும் ஸ்போர்ட்ஸ் கார்ப் பித்தர்கள் கொண்டாடும் ஸ்பிட்ஃபயருக்கு எங்கள் தாம்பரத்து ஹெரால்டு அக்கா முறை.

இந்தக் கார்களை வைத்திருக்கும் ஆண்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஓயாது. பாயின்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தாயா? டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்டாயா? முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் ஏற்றினாயா? பழைய ஸ்பிட்ஃபயரில் பின்பக்க அமைப்பு ஒரு பெரிய விவாதம். வளைவில் வேகமாகத் திரும்பும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உட்பக்கமாக மடங்கிவிடும். 1970இல் வந்த நான்காம் வகை ஸ்பிட்ஃபயரில் கம்பெனியே ஸ்பிரிங் அமைப்பை மாற்றி அதைச் சரிசெய்தது. முந்தைய கார்களை வைத்திருப்பவர்கள் அந்த மாற்றத்தைத் தங்கள் கார்களுக்குத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களின் பேச்சு வேறு. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974இல் அதற்குக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. காரின் உயரத்தையும் கூட்டினார்கள். இன்று பலர் அந்த ரப்பரைப் பிடுங்கிவிட்டு, முந்தைய குரோம் பம்பரை மாட்டி, காரைத் தாழ்த்துகிறார்கள். ஆலையிலிருந்து வந்த ரப்பர் பம்பர்தான் அந்தக் காருக்கு மூலபாடம். அதைப் பிடுங்கியவர், "இப்போதுதான் கார் கார் மாதிரி இருக்கிறது" என்பார். கூடியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள்.

இந்தப் பேச்சை நான் இகழவில்லை. எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. கம்பெனி செய்து முடித்துவிட்டது என்பதற்காக ஒரு பொருள் முடிந்துவிடுவதில்லை. வாங்கியவர் அதைத் திறந்து பார்க்கலாம், அதன் பிழையைக் கண்டுபிடிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குச் சொல்லித் தரலாம். அறிவு இப்படித்தான் கை மாறுகிறது. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

*

அப்பா அந்தக் காரை 1980களின் கடைசியில் நான்காவது ஆளாக வாங்கினார். எஞ்சினை இறக்கி ரீபோர் செய்ய அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போனது. மிச்சப் பணத்தில் சீட் போட முடியவில்லை. உள்ளே ஸ்பிரிங் வெளியே வந்து பாவாடையைக் கிழிக்கும் நிலையில் இருந்தது சீட்.

அம்மா தெருவுக்கே ஜாக்கெட் தைப்பவர். நான்கு சீட்டையும் கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். பழைய உறையின் தையலை பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்து, துண்டுகளை நியூஸ்பேப்பர்மேல் விரித்து அளவு வெட்டினார். ரெக்ஸின் மிஷினில் நகராமல் ஒட்டிக்கொள்ளும். முகப் பவுடரைத் தூவித் தூவி நகர்த்தினார். எத்தனையோ ஊசி உடைந்தது. மே மாதத்தில் ரெக்ஸின் தொடையைச் சுடும் என்பதால் உட்காரும் நடுப்பகுதிக்கு ஜமுக்காளத் துணி வைத்து, ஓரத்துக்கு மட்டும் ரெக்ஸின் கொடுத்தார். பாட்டிக்கு இடுப்பு வலி. பின்சீட்டின் ஒரு பக்கத்தைத் தேங்காய் நார் வைத்து உயர்த்தினார். ஹெரால்டின் உடல் பல துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. மழை வந்தால் இணைப்புகளில் ஒழுகும். பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, கதவு ஓரங்களில் ஒட்டி, அந்த ஒழுகலையும் அம்மாதான் நிறுத்தினார்.

பொறியியல் கல்லூரியில் இதை எழுதினால் என்ன தலைப்பு கொடுப்பார்கள்? வெப்பக் காப்பு, உடலுக்கேற்ற இருக்கை, நீர்க் கசிவுத் தடுப்பு. எங்கள் வீட்டில் இதற்குத் தலைப்பே இல்லை. வந்த விருந்தாளிகளிடமெல்லாம் அப்பா கார்புரேட்டரைத் தானே பிரித்து மாட்டிய கதையைச் சொல்வார். கேட்பவர்கள் அம்மா தைத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அந்தக் கதையைக் கேட்டார்கள்.

ஓட்டுநர் இருக்கையில் அம்மா உட்கார்ந்தது அளவெடுக்க மட்டும்தான்.

முப்பது வருடம் கழித்துத் தம்பி அந்தக் காரைப் புதுப்பித்தான். அவன் செய்த மாற்றங்களின் பட்டியல் இது: ஸ்பிட்ஃபயரிலிருந்து வந்த இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன், ஆல்டர்னேட்டர், முன்சக்கர டிஸ்க் பிரேக், மின்விசிறி. இவற்றில் ஒன்றுகூட எங்கள் ஹெரால்டில் பிறக்கும்போது இருந்ததில்லை. அத்தனையும் இடைச்செருகல். ஆனால் ஒரிஜினல் இல்லை என்று காரைவிட்டு வெளியேறியவை அம்மா தைத்த சீட் உறையும் அம்மா ஒட்டிய டியூப் பட்டையும்தான்.

நேர்மையாகப் பார்த்தால், அந்தக் காரில் "ஒரிஜினல்" என்ற சட்டம் ஒரே ஒருவருடைய வேலைமீதுதான் பாய்ந்தது. ஆண் கை பட்டால் அது மாடிஃபிகேஷன். பெண் கை பட்டால் அது ஒட்டுப்போட்ட வேலை. 1960களில் எவரோ ஒரு ஆண் தன் காரில் மாட்டிய உபரிப் பாகத்தை இன்று "அந்தக் காலத்து மாற்றம்" என்று பாராட்டி, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதே காலத்தில் ஒரு பெண் அதே காரில் தைத்ததற்கு அந்த மரியாதை உண்டா? காலம் ஒன்றுதான், கார் ஒன்றுதான். கைதான் வேறு.

*

மூலத்தைப் பற்றித்தானே பேச்சு? அப்படியானால் மூலத்துக்கே போவோம்.

கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவருடைய தொழிலில் முதலில் விழுந்த பணத்தில் ஒரு பகுதி, மனைவி பெர்த்தா திருமணத்துக்கு முன்பே எடுத்துக்கொடுத்த சீதனப் பணம். வண்டி இருந்தது, வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேல், ஓட்டிச் சென்றார். அதுவரை யாரும் அவ்வளவு தூரம் மோட்டார் வண்டியில் போனதில்லை. வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உரசியபோது காலுறைப் பட்டையைச் சுற்றிக் காப்பிட்டார். மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டைகள்மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். மேட்டில் வண்டி ஏறத் திணறுகிறது, இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பிவந்து கணவரிடம் சொன்னார்.

பிரேக் மேல் தோல். கியர். காப்பு. உலகத்தின் முதல் நீண்ட கார்ப் பயணமே ஒரு பெண்ணின் மாடிஃபிகேஷன் பட்டியல். கார்களைத் திருத்தும் கலைக்கு ஒரு ஆதி ஆசிரியரைச் சொல்ல வேண்டுமென்றால் பெர்த்தாவைச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். கணவருக்கு உதவிய துணிச்சலான மனைவி. தொப்பி ஊசியும் காலுறைப் பட்டையும் சிரிப்பூட்டும் துணுக்குகள். அதே ஊசி கார்ல் கையில் இருந்திருந்தால் அதற்குக் கருவி என்று பெயர்.

இரண்டாவது கதை என் தம்பி பெருமையோடு மாட்டிய எஸ்.யு. கார்புரேட்டரோடு சேர்ந்தது. ஸ்பிட்ஃபயர் என்பது முதலில் இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்விமானத்தின் பெயர். அதன் மெர்லின் எஞ்சினிலும் அப்போது எஸ்.யு. கார்புரேட்டர்தான். விமானி மூக்கைச் சட்டென்று கீழே தாழ்த்தினால் பெட்ரோல் தாறுமாறாகப் பாய்ந்து எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். எரிபொருளை நேராகச் செலுத்தும் ஜெர்மன் எஞ்சின்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. துரத்தப்படுபவன் பாய்ந்து தப்பிக்க, துரத்துபவனின் எஞ்சின் இருமும். ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், பெட்ரோல் பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் துளையிட்ட சிறிய பித்தளைத் துண்டு ஒன்றை வடிவமைத்தார். 1941இல் ஒரு சிறு குழுவோடு விமானத் தளம் தளமாகப் போய் அதைப் பொருத்தவைத்தார்.

இந்தப் பெண் 1934லேயே ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். போருக்குப் பிறகு கணவரோடு சேர்ந்து கார்களைத் திருத்திப் பந்தயமும் ஓட்டியவர். அவருடைய பித்தளைத் துண்டுக்கு ஆண்கள் வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் "மிஸ் ஷில்லிங்கின் துவாரம்". அப்போது அவருக்குத் திருமணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உயிர் காத்த ஒரு பொறியியல் தீர்வு ஆபாச ஜோக்காகத்தான் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்க முடிந்தது. பெயர் இல்லாமல் அழிப்பது ஒரு வகை. பெயர் வைத்தே அழிப்பது இன்னொரு வகை.

கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கும் வைப்பருக்கு 1903இல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். அதற்கு வணிக மதிப்பில்லை என்று மறுத்துவிட்டார்கள். காப்புரிமை காலாவதியான பிறகு உலகமே அந்த யோசனையைப் பயன்படுத்தியது. 1909இல் டாரதி லெவிட் என்ற பந்தய ஓட்டுநர் பெண்களுக்காக எழுதிய கார் கையேட்டில், பின்னால் வருவதைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள் என்று சொன்னார். காரில் பின்பார்வைக் கண்ணாடி பரவலாவதற்கு முன் இது. பெண் காரில் முகம் பார்க்கிறாள் என்ற நகைச்சுவைத் துணுக்கை இனி யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

*

இப்போது சீட்டுக்கு வருகிறேன். ஒரிஜினல் சீட் என்கிறீர்களே, அதைத் தைத்தது யார்?

லண்டனுக்குக் கிழக்கே டாகன்ஹாமில் ஃபோர்டு ஆலை. இன்று பழைய கார் பிரியர்கள் தேடித் தேடி வாங்கித் திருத்தும் கார்ட்டினா அங்கேதான் தயாரானது. அதன் சீட் உறைகளைத் தைத்தவர்கள் பெண்கள். தையல் சோதனையில் தேறினால்தான் அந்த வேலையே கிடைக்கும். ஆனால் நிர்வாகம் அவர்களைத் திறன் குறைந்த "பி" பிரிவில் வைத்தது. அதே பிரிவிலுள்ள ஆண்களுக்குக் கொடுத்த கூலியில் 85 சதவீதத்தை மட்டும் கொடுத்தது. 1968 ஜூன் 7 அன்று 187 பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். எஞ்சின் இருந்தது, சக்கரம் இருந்தது, பெயின்ட் இருந்தது. உறையில்லாத சீட்டோடு காரை விற்க முடியாது. ஆலை ஸ்தம்பித்தது. மூன்று வாரம் கழித்து அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டபோது 92 சதவீதமும் பிறகு முழுக் கூலியும் என்று ஒப்பந்தமானது. 1970இல் பிரிட்டன் சம ஊதியச் சட்டம் கொண்டுவந்ததற்கு அந்தப் போராட்டம் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அந்தப் பெண்கள் முதலில் கேட்டது வேறு. "எங்கள் வேலை திறமையான வேலை என்று எழுதுங்கள்" என்றார்கள். அதை எழுத 1984 வரை, இன்னொரு ஆறு வார வேலைநிறுத்தம் வரை, பதினாறு வருடம் ஆனது. பணத்தைக்கூடக் கொடுத்துவிடுவார்கள், தோழிகளே. திறமை என்ற சொல்லைக் கொடுக்கத்தான் கை வராது.

இன்று கார்ட்டினா வைத்திருப்பவர் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவேட்டோடு பொருந்துகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். தான் உட்கார்ந்திருக்கும் தையலுக்குப் பின்னால் ஒரு வேலைநிறுத்தம் இருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைப்பார்கள்? ஒரிஜினல் உறையும் பெண் தைத்தது, அதற்குமேல் போட்ட மாற்று உறையும் பெண் தைத்தது. நடுவில் நின்று இது ஒரிஜினல், இது குப்பை என்று தீர்ப்புச் சொல்பவர் மட்டும் ஆண்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரிஜினல் நமக்கு அளவெடுத்துச் செய்ததும் அல்ல. 1970களில் உருவாகி உலகெங்கும் பயன்பட்ட மோதல் சோதனைப் பொம்மை சுமார் 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் கொண்ட சராசரி ஆண். பின்பக்க மோதலைச் சோதிக்கச் சராசரிப் பெண்ணுடல் அளவில் ஒரு பொம்மையைச் சுவீடன் ஆய்வாளர்கள் முன்வைத்தது 2022இல். முதுகுக்குப் பின்னால் ஒரு குஷனை வைத்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பெண், தனக்குப் பொருந்தாத ஒரு மூலபாடத்தைத் திருத்துகிறாள். கம்பெனி செய்ய மறந்த வேலை அது.

*

பிரிட்டனில் பழைய கார் விற்கும் விளம்பரங்களில் புகழ்பெற்ற ஒரு வாசகம் உண்டு: "ஒன் கேர்ஃபுல் லேடி ஓனர்". கவனமான ஒரு பெண் மட்டுமே வைத்திருந்த கார். நம் ஊர் விளம்பரங்களில் "லேடி டிரிவன்" என்று வருமே, அதன் அண்ணன். இதைப் பாராட்டு என்று நினைக்காதீர்கள். வேகமாக ஓட்டவில்லை, திறந்து பார்க்கவில்லை, எதையும் மாற்றவில்லை, வந்தபடியே இருக்கிறது என்று பொருள். அதே பக்கத்தில் ஒரு ஆண் விற்கும் காருக்கு நீண்ட பட்டியல் இருக்கும்: இதை மாற்றினேன், அதை ஏற்றினேன், இத்தனை செலவு செய்தேன். ஆணுக்கு மதிப்பு, அவன் விட்ட தடத்தால். பெண்ணுக்கு மதிப்பு, தடமே விடாததால். பெண் பார்க்க வருகிறவர்கள் "அடக்கமான பொண்ணு" என்று சொல்வதும் இதுவும் ஒரே அகராதியின் சொற்கள்.

ஆங்கிலத்தில் காரை "அவள்" என்பார்கள். இரும்புக்கு உயர்திணை கொடுத்தவர்கள், அதற்கு உறை தைத்தவளுக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை.

"பெண்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லையே" என்பார்கள். ஆர்வத்துக்கு முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அப்பாவும் பிறகு தம்பியும் காருக்கு அடியில் படுத்திருந்த ஞாயிறுகளில் சமையலறையில் யார் இருந்தார்கள்? பதினொரு மணிக்கு டீயும் மூன்று மணிக்குச் சாப்பாடும் கிரீஸ் படிந்த சட்டையைத் துவைக்க சோடா உப்பும் எங்கிருந்து வந்தன? அந்த இரட்டைவடச் சங்கிலி அடகுக் கடையிலிருந்து திரும்பவே இல்லை. பெர்த்தாவின் சீதனத்துக்கு நூறு வருடம் கழித்தும் எஞ்சின் பெண்ணின் தங்கத்தில்தான் ஓடியது. ஒரு பொழுதுபோக்குக்கு முதலீடும் நேரமும் கொடுத்தவளைப் பார்த்து, உனக்கு ஆர்வமில்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

"சீட் உறை தைப்பதும் கார்புரேட்டரை மாற்றுவதும் ஒன்றா?" என்பது அடுத்த கேள்வி. தம்பியின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். புதிய சீட்டுக்குக் கடைக்காரருக்குக் கொடுத்தது, இரட்டைக் கார்புரேட்டருக்குக் கொடுத்ததைவிட அதிகம். கடையில் ஆண் தைத்தால் அது கைத்தொழில், பில் உண்டு. வீட்டில் பெண் தைத்தால் பில்லும் இல்லை, பெயரும் இல்லை.

நான் சொல்வதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். தம்பி "நானே மாத்தினேன்" என்று சொன்ன டிஸ்க் பிரேக்கைப் புதுப்பேட்டையில் அலைந்து தேடியதும் மாட்டியதும் ஒரு மெக்கானிக். அவர் பெயரும் மேடையில் வரவில்லை. காரை உடைமையாக வைத்திருப்பவன் வேலையையும் உடைமையாக்கிக்கொள்கிறான். பெண்ணின் உழைப்பைக் கணக்கில் சேர்க்கச் சொல்பவர்கள் கூலி வாங்கிப்போன கைகளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மெக்கானிக்குக் கூலியாவது கிடைத்தது.

*

ஆகவே, இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவிகளே, உங்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் பழைய பொருள் ஏதாவது இருக்கும். கார் இருக்க வேண்டியதில்லை. அப்பாவின் ஸ்கூட்டர், தாத்தாவின் சைக்கிள், வாடகைக்கு ஓடும் ஆட்டோ எதுவாக இருந்தாலும் சரி. அதில் என்னென்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தது யார் என்று கேளுங்கள். சீட்டுக்கு மேல் போட்ட துணி, பின்னால் உட்கார்பவள் புடவை சக்கரத்தில் சிக்காமலிருக்கக் கட்டிய வலை, குழந்தைக்காக வைத்த சிறு பலகை. எழுதி வையுங்கள், தேதியோடும் பெயரோடும். எழுதாவிட்டால் நாளை ஒருவன் வந்து அதை ஒரிஜினல் இல்லை என்று தூக்கிப் போடுவான், அதற்குக் கேடயமும் வாங்குவான்.

அதோடு, திறந்து பாருங்கள். ஸ்பேனரை எடுங்கள். கெட்டுவிடும் என்று சொன்னால், கெட்டால் சரிசெய்யலாம் என்று சொல்லுங்கள். அவர்களும் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றார்கள். அவர்கள் கெடுத்ததற்கு அனுபவம் என்று பெயர் வைத்தார்கள்.

கண்காட்சி முடிந்த வாரம் தம்பியிடம் இதையெல்லாம் பேசினேன். நேரம் எடுத்தது. "நான் அப்படி நினைக்கலக்கா, உண்மையாவே தோணல" என்றான். எனக்குத் தெரியும். தோன்றாமலிருக்கும்படிதான் நம் வீடுகளில் ஆண் பிள்ளைகளை வளர்க்கிறோம். தூக்கிப் போட்டதாக அவன் சொன்ன உறைகளை அம்மா எடுத்துவைத்திருந்தார். ஒன்றை வெட்டிக் கிரைண்டர் மோட்டாருக்கு மூடி தைத்துவிட்டார். மற்றவை பரணில் இருக்கின்றன.

இந்தக் கட்டுரையில் அம்மாவின் பெயரைப் போடட்டுமா என்று அவரிடமே கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புக்குல எதுக்குடி என் பேரு? அந்தக் கண்காட்சிக்கு ஒரு பேப்பர் எழுதிக் குடுக்குறானே, யாரு என்ன மாத்தினாங்கன்னு. அதுல போடச் சொல்லு."

அடுத்த கண்காட்சி ஜனவரியில். படிவம் தம்பி மேஜைமேல் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.